உறுப்பு தானம், உறுப்பு வியாபாரம்: நீலகிரிக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

மலையில் ஒருவருக்குத் தலையில் பலத்த அடிபட்டாலும், கிட்னி பழுதானாலும் பெரும்பாலும் கோவைக்குத்தான் இறங்க வேண்டியிருக்கிறது. இறங்கிய இடத்தில் முகம் தெரியாத டாக்டர், படிக்க நேரமில்லாத படிவம், வராந்தாவில் தானாக வந்து பேச்சுக் கொடுக்கும் ஆள். இதில் யாரை நம்புவது, எதில் கையெழுத்துப் போடுவது என்பதற்குத்தான் இந்தப் பதில்கள். கீழே 'சட்டம்' என்று வருவதெல்லாம் 1994-ம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம், அதன் 2011 திருத்தம், 2014 விதிகள் மூன்றையும் சேர்த்துத்தான்.

கோமாவில் இருப்பவர் என்றைக்காவது எழுந்துவிடலாம் இல்லையா? மூளைச்சாவு என்று சொல்லி ஏன் கைவிடுகிறார்கள்?

கோமா வேறு, மூளைச்சாவு வேறு. கோமாவில் மூளைத்தண்டுக்கு உயிர் இருக்கிறது. பலர் தானாக மூச்சு விடுவார்கள், சிலர் மீண்டும் வருவார்கள். மூளைச்சாவில் தலைக்குள் வீக்கம் ஏறி, ரத்த ஓட்டம் நின்று, மூளைத்தண்டே செத்துவிட்டது. அது திரும்பாது. நெஞ்சு ஏறி இறங்குவது வென்டிலேட்டர் தள்ளும் காற்றால். இதயம் துடிக்க மூளையின் உத்தரவு தேவையில்லை, ஆக்சிஜன் கிடைத்தால் சில நாள் ஓடும். அதனால் உடம்பு சூடாக இருக்கும், சிறுநீர் இறங்கும். முதுகுத்தண்டின் அனிச்சையால் விரலோ காலோ அசைவதும் உண்டு. "இப்பத்தான் கையை ஆட்டினார்" என்று வீட்டார் பதறுவது அதைப் பார்த்துத்தான். இதை டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், பல இடங்களில் சொல்வதில்லை.

சோதனையைத் தொடங்கும் முன், மூளைச்சாவு போலத் தோற்றம் காட்டும் மற்ற காரணங்களை விலக்கியாக வேண்டும். மலையில் இது வெறும் சம்பிரதாயம் அல்ல. கட்டுவிரியன் கடித்தவரும், தோட்டத்துப் பூச்சிமருந்து உள்ளே போனவரும் இமைகூட அசைக்காமல் மூளைச்சாவு போலவே கிடப்பார்கள். சிகிச்சையில் பிழைத்தும் விடுவார்கள். இரவு முழுக்கக் குளிரில் பள்ளத்தில் கிடந்தவரின் உடல் வெப்பத்தை முதலில் ஏற்ற வேண்டும். தூக்க மருந்து, தசையைத் தளர்த்தும் மருந்து ஆகியவற்றின் வேகம் இறங்கியிருக்க வேண்டும். "இதையெல்லாம் பார்த்துவிட்டீர்களா?" என்று கேட்பது உங்கள் உரிமை.

அதற்குப் பிறகுதான் சோதனை. கண்மணியில் டார்ச் அடித்தால் சுருங்குகிறதா, கருவிழியில் பஞ்சு பட்டால் இமைக்கிறாரா, காதில் ஐஸ் தண்ணீர் விட்டால் கண் நகர்கிறதா, தொண்டைக்குள் குழாய் போனால் குமட்டலோ இருமலோ வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். கடைசியாக மூச்சுச் சோதனை. ஆக்சிஜனை நிரப்பிவிட்டு வென்டிலேட்டரைக் கழற்றி, ஏறக்குறைய 8 முதல் 10 நிமிடம் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏற ஏற, உயிருள்ள மூளைத்தண்டு சும்மா இருக்காது, ஒரு மூச்சாவது இழுக்கும். இத்தனை சோதனையும் குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை செய்யப்படும். மூச்சுச் சோதனையின்போது வீட்டில் ஒருவர் பக்கத்தில் நிற்கலாமா என்று கேளுங்கள். நூறு விளக்கம் கேட்டும் தீராத சந்தேகம் அங்கே தீர்ந்துவிடும்.

உறுப்பு கிடைக்கும் என்பதற்காக அவசரப்பட்டுச் சாவு என்று எழுதிவிட மாட்டார்களா?

அதைத் தடுக்கத்தான் மூளைச்சாவைச் சான்றளிக்கும் படிவம் 10-ல் ஒரு டாக்டர் போதாது, நால்வர் கையெழுத்து வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறது. மருத்துவமனைப் பொறுப்பு மருத்துவர், அரசு ஒப்புதல் பெற்ற பட்டியலிலிருந்து வரும் வெளி நிபுணர், நரம்பியல் மருத்துவர் அல்லது நரம்பு அறுவை மருத்துவர், நோயாளியைப் பார்த்துவரும் டாக்டர் ஆகியோர் அந்த நால்வர். நரம்பியல் மருத்துவர் கிடைக்காத இடத்தில், பட்டியலில் உள்ள மயக்க மருத்துவர் அல்லது தீவிர சிகிச்சை மருத்துவர் போடலாம். உறுப்பைப் பொருத்தப்போகும் குழுவில் இருப்பவர் இந்த நால்வரில் ஒருவராக இருக்கக் கூடாது.

ஒரு வரிசை மாறவே கூடாது. சாவு உறுதியான பிறகுதான் தானப் பேச்சு. இரண்டாவது சோதனை முடியும் முன்பே குடும்பத்தின் சம்மதப் படிவமான படிவம் 8-ஐ நீட்டி "இதையும் போட்டு வைச்சிடுங்க" என்றால், போட வேண்டாம்.

கூடலூரிலோ ஊட்டியிலோ அடிபட்டவரை உடனே கோவைக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். உறுப்புக்காகத்தானோ என்று பயமாக இருக்கிறது.

தலைக்காயத்துக்கு சி.டி. ஸ்கேனும் நரம்பு அறுவை மருத்துவரும் வேண்டும். ஊட்டியில் மருத்துவக் கல்லூரி வந்து, 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளுடன் புதிய மருத்துவமனையும் திறந்தாகிவிட்டது. ஆனாலும் சில கேஸ்கள் கீழே போகத்தான் செய்யும். உயிரைக் காப்பாற்ற மாற்றுவது முறையான காரணம். எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: இப்போதைய நிலை என்ன, எந்தச் சிகிச்சைக்காக மாற்றுகிறோம், எந்த டாக்டர் ஏற்றுக்கொள்கிறார். நேர்மையான பரிந்துரைச் சீட்டில் இந்த மூன்றும் இருக்கும். "அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும், வண்டி ரெடி, காசு வேண்டாம்" என்று டாக்டர் அல்லாத ஒருவர் வற்புறுத்தினால் நின்று யோசியுங்கள்.

பந்தலூர், எருமாடு பக்கம் இருப்பவர்கள் பல நேரம் வயநாட்டுக்கோ கோழிக்கோட்டுக்கோதான் போகிறார்கள். அங்கே மூளைச்சாவு ஏற்பட்டால் கேரளத்தின் கே-சோட்டோ அமைப்பு நடத்தும். தமிழ்நாட்டுக்கு, மாநில உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டான். மத்தியச் சட்டம் ஒன்றுதான், ஆனால் காத்திருப்போர் பட்டியலும் நடைமுறையும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

விபத்து என்றால் போலீஸ் கேஸ், போஸ்ட்மார்ட்டம் உண்டு. தானம் செய்தால் கேஸ் கெட்டுவிடுமா?

கெடாது. தானம் செய்பவர்களில் பெரும்பகுதி சாலை விபத்தில் தலை அடிபட்டவர்கள்தான். மருத்துவமனை சம்பந்தப்பட்ட காவல் நிலையத்துக்கு எழுதி, தடயவியல் மருத்துவருடன் பேசி, உறுப்பு எடுப்பதையும் பிரேதப் பரிசோதனையையும் அடுத்தடுத்து வைத்துக்கொள்ளும். தாமதம் வருவது ஒரே இடத்தில்தான். விபத்து நடந்த ஸ்டேஷன் மலையில், உடல் சமவெளியில், விசாரணை அறிக்கைக்கு வர வேண்டிய காவலர் பாதி வழியில். குடும்பத்தில் ஒருவரை ஸ்டேஷனிலேயே நிறுத்திவைத்தால் அரை நாள் மிச்சம். காப்பீடு, இழப்பீட்டு வழக்கு எதற்கும் தானம் தடை இல்லை.

உடல் எப்போது கைக்கு வரும்? ஹட்டியில் (படுகர் ஊரில்) எல்லோரும் கூடிவிடுவார்கள்.

சம்மதம் கொடுத்ததிலிருந்து ஏறக்குறைய ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தப் பரிசோதனை, பெறுபவர்களை அழைப்பது, வெளியூர்க் குழுக்கள் வந்து சேர்வது என்று பெரும்பகுதி நேரம் போகும். அறுவைக்கு மட்டும் பல மணி நேரம் பிடிக்கும். உடலைத் தைத்து, துடைத்து, முகம் பார்க்கும்படி கொடுப்பார்கள். நீராட்டலுக்கோ அடக்கத்துக்கோ எரியூட்டலுக்கோ இடைஞ்சல் இல்லை. 2023 செப்டம்பரில் முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தபடி, தமிழ்நாட்டில் உறுப்பு தானம் செய்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும். அடக்க நேரத்தை மருத்துவமனையின் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரிடம் முன்பே சொல்லிவிட்டால் மாவட்ட நிர்வாகத்தின் சார்பில் அதிகாரி ஊருக்கு வருவார்.

மலைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. வெளியே எடுத்த இதயம் 4 முதல் 6 மணி நேரம்தான் தாங்கும். கல்லீரல் ஏறக்குறைய 12 மணி நேரம், கிட்னி ஒரு நாளோ அதற்குக் கொஞ்சம் மேலோ. ஊட்டியிலிருந்து குன்னூர், மேட்டுப்பாளையம் வழியாகக் கோவை சுமார் 85 கிலோமீட்டர். நவம்பர் மழையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் அந்தக் கணக்கெல்லாம் தலைகீழ். எனவே மலையிலேயே எடுக்கும் உறுப்புகளில் கிட்னியும் கல்லீரலும் பயன்படும் வாய்ப்பு அதிகம், இதயத்துக்குக் குறைவு. "ஏன் இதயத்தை எடுக்கவில்லை?" என்ற கேள்விக்கு உள்குத்து எதுவும் இல்லை, ரோடுதான் பதில்.

சம்மதித்தால் ஆஸ்பத்திரி பில்லைத் தள்ளுபடி செய்கிறோம் என்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா?

இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். சம்மதத்துக்குப் பிறகு, உறுப்புக்காக உடலைப் பராமரிக்கும் செலவு, எடுக்கும் செலவு, கொண்டுபோகும் செலவு எதையும் குடும்பத்தின் தலையில் கட்டக் கூடாது என்பது விதி. அது சலுகையே இல்லை. அதற்கு முந்தைய சிகிச்சை பில்லைச் சம்மதத்தோடு முடிச்சுப் போட்டுப் பேசுவது பேரம். மூன்று லட்சம் பாக்கியோடு நிற்கும் குடும்பத்திடம் "கையெழுத்துப் போட்டால் பில் இல்லை" என்றால் அந்தக் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் பில்லுக்கு அந்த வழியைப் பாருங்கள். தானத்தைத் தனியாக முடிவு செய்யுங்கள்.

தானம் செய்வதாக இறந்தவர் முன்பே பதிவு செய்திருக்கிறார். அப்பா மறுக்கிறார். எது செல்லும்?

படிவம் 7-லோ இணையத்தில் ஆதார் மூலமோ செய்த பதிவு அவருடைய விருப்பத்துக்குச் சான்று. ஆனால் நடைமுறையில் எந்த மருத்துவமனையும் குடும்பம் எதிர்த்து நிற்கும்போது உறுப்பை எடுக்காது. அட்டையை பர்ஸில் வைத்துக்கொண்டு வீட்டில் வாய் திறக்காமல் இருந்தால் அந்த அட்டைக்குப் பலன் இல்லை. 2008-ல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தந்த பிறகுதான் தமிழ்நாட்டு வீடுகளில் இந்தப் பேச்சே எடுபட்டது. மறுக்கும் அப்பாவைத் திட்டுவதால் பயன் இல்லை. அவர் எதற்கு மறுக்கிறார் என்று கேளுங்கள். முகம் சிதைந்துவிடும் என்ற பயமா, அடக்கம் தள்ளிப்போகும் என்ற கவலையா? இரண்டுக்கும் பதில் உண்டு. "மனசு கேக்கல" என்றால் அதையும் மதித்து விட்டுவிட வேண்டியதுதான். மறுத்ததற்காக மருத்துவமனை முகத்தைத் திருப்பக் கூடாது.

எஸ்டேட்டில் வேலை செய்யும் ஜார்க்கண்ட் பையன் மூளைச்சாவு அடைந்துவிட்டான். கங்காணியோ மேனேஜரோ கையெழுத்துப் போடலாமா?

கூடவே கூடாது. தங்கவைத்தவர், வேலை கொடுத்தவர், மேஸ்திரி, லயத்தில் பக்கத்து வீட்டார் யாரும் சட்டத்தின் கண்ணில் உறவு அல்ல. மருத்துவமனையில் 48 மணி நேரம் யாரும் உரிமை கோராத உடலுக்கு மருத்துவமனைப் பொறுப்பாளர் அனுமதி தரலாம் என்று ஒரு பிரிவு இருப்பது உண்மை. அதே பிரிவில் அடுத்த வரி: நெருங்கிய உறவினர் வந்து கேட்க வாய்ப்பு உண்டு என்று நம்பக் காரணம் இருந்தால் அந்த அனுமதி செல்லாது. ராஞ்சிப் பக்கத்து கிராமத்தில் தாய் இருக்கிறாள், ரயிலில் வர மூன்று நாளாகும் என்றால், அந்த உடல் உரிமை கோரப்படாத உடல் அல்ல.

செய்ய வேண்டியது: ஆதாரில் உள்ள முகவரியை வைத்து அந்த ஊர் போலீஸ் வழியாகக் குடும்பத்தைப் பிடிப்பது, அவர்கள் மொழி தெரிந்த ஒருவரை வைத்து நிலைமையை விளக்குவது. அந்த மொழிபெயர்ப்பவர் எஸ்டேட் ஆளாக இருக்கக் கூடாது. மேனேஜர் முன்னால் நின்று மொழிபெயர்ப்பவர் எதைச் சொல்வார், எதை விழுங்குவார் என்பது எல்லோருக்கும் தெரியும். இங்கே அவசரப்பட்டு வாங்கும் தானம் திருட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது.

உறுப்பு பணக்காரருக்குத்தானே போகும்?

டிரான்ஸ்டானின் காத்திருப்போர் பட்டியல்படிதான் போகும். ரத்தப் பிரிவு, பதிவு செய்த தேதி, உடல்நிலை, எந்த மருத்துவமனையில் உறுப்பு கிடைத்தது என்பவை தீர்மானிக்கும். அரசு மருத்துவமனைகளுக்கும் அதில் பங்கு உண்டு. உள்நாட்டில் பொருத்தமானவர் யாரும் இல்லாதபோதுதான் வெளிநாட்டவரின் முறை வரும். யாருக்குப் போனது என்ற பெயரைக் குடும்பத்திடம் சொல்ல மாட்டார்கள். பின்னாளில் இரு தரப்புக்கும் இடையே பணமோ கடமையோ முளைக்காமல் இருக்கத்தான்.

ஒரு குறை இருப்பது உண்மைதான்: மாற்று அறுவைக்குத் தகுதி பெற, பரிசோதனைகளை முடிக்க, கூப்பிட்ட உடனே கோவையிலோ சென்னையிலோ போய் நிற்க வசதி வேண்டும். இரவு ஒன்பதுக்குப் போன் வந்தால் மஞ்சூரிலிருந்து கிளம்ப முடியாதவரின் முறை தாண்டிப் போய்விடும். பட்டியல் நேர்மையாக இருந்தாலும் பாதை நேர்மையாக இல்லை.

உயிரோடு இருப்பவர்களில் யார் யார் கிட்னி தரலாம்?

சட்டப்படி நெருங்கிய உறவு என்றால் கணவன், மனைவி, பெற்றோர், மகன், மகள், உடன்பிறந்தோர், 2011-க்குப் பிறகு தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி. அவ்வளவுதான். மருமகள், மச்சான், சித்தப்பா மகன் எல்லாம் நம் ஊரில் எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் சட்டத்துக்கு வெளியாள். அவர்கள் தர வேண்டுமானால் 'பாசத்தின் காரணமாக' என்ற வகையில் படிவம் 3-ல் எழுதி, அங்கீகாரக் குழுவின் முன் போக வேண்டும். 18 வயது நிரம்பாதவர் தரக் கூடாது.

ரத்தப் பிரிவு சேராத நெருங்கிய உறவு இருந்தால் கதவு மூடவில்லை. அதே நிலையில் இருக்கும் இன்னொரு குடும்பத்தோடு கிட்னியைப் பரிமாறிக்கொள்ள 2011 திருத்தம் வழி செய்கிறது. பலர் இதைக் கேள்விப்படாமலேயே புரோக்கரிடம் போய்விடுகிறார்கள்.

வீட்டில் எல்லோரும் என் மனைவிதான் தர வேண்டும் என்கிறார்கள். அவளும் சரி என்றுதான் சொல்கிறாள்.

'சரி' என்று சொல்வதும் சரி என்று நினைப்பதும் எல்லா வீட்டிலும் ஒன்றாக இருப்பதில்லை. இந்தியாவில் உயிரோடு உறுப்பு தருவோரில் பெண்களே அதிகம், பெறுவோரில் ஆண்களே அதிகம். "அவர் சம்பாதிக்கிறவர்" என்பது வழக்கமான காரணம். தேயிலை மலையில் அந்தக் காரணமும் நிற்காது. நாள் முழுக்கக் கொழுந்து பறித்து முதுகில் மூட்டை சுமப்பது யார்?

தானம் தருபவர் பெண் என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும், அவருடைய அடையாளத்தையும் சுயவிருப்பத்தையும் பெறுபவர் அல்லாத வேறொருவர் உறுதி செய்ய வேண்டும் என்று விதியே சொல்கிறது. தானம் தருபவரை டாக்டர் தனியாக வைத்துப் பேச வேண்டும். அப்போது "எனக்கு விருப்பமில்லை, வீட்டில் சொல்ல முடியாது" என்றால், நல்ல மருத்துவக் குழு "இவர் கிட்னி பொருந்தவில்லை" என்று மட்டும் குடும்பத்திடம் சொல்லி முடித்துவிடும். பொய்தானே என்று கேட்கலாம். ஒரு பெண் அந்த வீட்டில் தொடர்ந்து வாழ வேண்டியிருக்கிறது. அந்தப் பொய்யை நாங்கள் குறையாக நினைக்கவில்லை.

பழங்குடிக் குடும்பத்தில் ஒருவர் தர வந்தால் தனியாக எதையும் பார்க்க வேண்டுமா?

சிக்கில் செல் சோதனை. இந்தியாவில் இந்த ரத்தக் குறைபாடு முதன்முதலில் பதிவானது 1952-ல், நீலகிரிப் பழங்குடிகளிடம்தான். நோய் இல்லாமல் அதன் கூறு மட்டும் உள்ளவர் வெளியே முழு ஆரோக்கியமாக இருப்பார். ஆனால் அது கிட்னியைப் பாதிக்கக்கூடியது என்பதால், ஒன்றை இழக்கும் முன் கட்டாயம் பார்க்க வேண்டும். சமவெளி மருத்துவமனையில் யாரும் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

கிட்னி கொடுத்தால் கடன் தீரும் என்கிறார் ஒருவர். ஒரு கிட்னியோடு வாழலாமாமே?

வாழலாம் என்பது உண்மை. முழுப் பரிசோதனை செய்து, தகுதி பார்த்து, பிறகு ஆண்டுதோறும் ரத்த அழுத்தமும் கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்க்கப்படுகிறவருக்கு அது உண்மை. விற்றவரை அறுவை முடிந்த நாலாம் நாள் பஸ் ஏற்றிவிடுவார்கள். அவர் உடல்வலிக்கு மெடிக்கலில் டைக்லோபினாக் வாங்கிப் போட்டுக்கொண்டு மூட்டை தூக்கப் போவார். மீதமிருக்கும் ஒரே கிட்னிக்கு அந்த வலி மாத்திரைதான் எதிரி. ஆறு வாரத்துக்காவது பாரம் தூக்கக் கூடாது என்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கடன் தீருமா? சென்னையில் கிட்னி விற்ற 305 பேரை 2001-ல் சந்தித்து எடுத்த ஆய்வு இருக்கிறது. 96 சதவீதம் பேர் கடனுக்காக விற்றவர்கள். பேசிய தொகை சராசரியாக 1,410 டாலர், கையில் வந்தது 1,070. ஆய்வின்போதும் 74 சதவீதம் பேருக்குக் கடன் அப்படியே இருந்தது. குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருந்தது. உடல்நிலை கெட்டது என்றவர்கள் 86 சதவீதம். மற்றவருக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டோம் என்றவர்கள் 79 சதவீதம்.

காரணம் புரிந்துகொள்ள முடியாதது அல்ல. குழுக் கடன் வாரத்துக்கு வாரம் கட்ட வேண்டியது. பச்சைத் தேயிலை விலை ஏறினால்தான் கட்ட முடியும். கிட்னிப் பணம் பழைய பாக்கியைத்தான் அடைக்கிறது, அடுத்த வாரத் தவணையை அல்ல. அடுத்த கடன் வரும்போது உடம்பில் பழைய வலுவும் இருக்காது.

புரோக்கர் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அவர் புரோக்கர் என்று சொல்லிக்கொண்டு வரமாட்டார். முன்பு கிட்னி விற்ற ஒருவர், கடன் வசூலுக்கு வரும் பழக்கமான ஆள், டயாலிசிஸ் மையத்தில் டீ வாங்கித் தரும் 'சமூக சேவகர்' என்று ஏதாவது ஒரு உருவில் வருவார். முதலில் பணம் பேசமாட்டார், ரத்தப் பிரிவு கேட்பார். "சும்மா ஒரு டெஸ்ட்" என்று வெளியூர் கூட்டிப்போவார், ஆதாரையும் ரேஷன் கார்டையும் 'ஜெராக்ஸ் எடுக்க' வாங்கிக்கொள்வார். பிறகு ஒரு புது உறவு பிறக்கும்: பார்த்தே இராத நோயாளிக்கு நீங்கள் தங்கச்சி, அல்லது பத்து வருஷமாக அவர் வீட்டில் வேலை செய்பவர். சேர்ந்து எடுத்த போட்டோ தயாராகும். குழுவின் கேள்விகளுக்குப் பதிலை மனப்பாடம் செய்ய வைப்பார்கள். அட்வான்ஸ் கொடுத்து, மீதி 'ஆபரேஷன் முடிஞ்சதும்'. முடிந்த பிறகு தங்கிய செலவு, சாப்பாடு, டெஸ்ட் எல்லாம் கழியும். கேட்டால் "போலீசுக்குப் போனா நீதான் முதல்ல உள்ள போவே" என்பார்.

அந்த மிரட்டலில் பாதி நிஜம். உறுப்பு வியாபாரத்துக்கு 5 முதல் 10 ஆண்டு சிறையும், 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. வாங்கியவர், விற்றவர், ஆள் பிடித்தவர், விளம்பரம் செய்தவர், பொய்ச் சான்று தயாரித்தவர் எல்லோருக்கும் அதே பிரிவுதான். 2025-ல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களின் கிட்னிகள் விற்கப்பட்ட விவகாரம் வெடித்து, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. தறி இருந்த இடத்தில் தேயிலையை வைத்துப் பாருங்கள், கடனும் வாரத் தவணையும் அப்படியே பொருந்தும்.

அங்கீகாரக் குழு என்ன கேட்கும்?

இருவருக்கும் என்ன உறவு, எப்போதிலிருந்து, ஏன் தர வருகிறீர்கள், ரத்த உறவில் ஏன் யாரும் தரவில்லை என்று கேட்கும். இரு தரப்பின் மூன்றாண்டு வருமானச் சான்று, பழைய போட்டோக்கள், படிவம் 20-ல் இருப்பிடச் சரிபார்ப்பு ஆகியவற்றைப் பார்க்கும். இரு தரப்பின் வருமானத்துக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால் துருவும். தருபவரின் குடும்பத்தில் ஒருவரையும் விசாரிக்கும். நேர்காணல் வீடியோவில் பதிவாகும். உண்மையாகத் தருகிறவருக்கு இதில் எரிச்சல் வரும், மஞ்சூருக்கும் கோவைக்கும் நாலைந்து நடை ஆகும். தள்ளுபடியாவது பெரும்பாலும் சின்னப் பிழைகளால்: ஆதாரில் ஓர் எழுத்து, ரேஷன் கார்டில் வேறு எழுத்து, திருமணப் பதிவு இல்லாமை. இவற்றைக் கீழே இறங்கும் முன்பே தாலுகா அலுவலகத்தில் சரி செய்துகொள்ளுங்கள். "நான் முடிச்சுத் தர்றேன்" என்பவரிடம் கொடுத்தால் உண்மையான தானமும் சந்தேகக் கேஸ் ஆகிவிடும்.

தருபவரின் பயணச் செலவையும், வேலைக்குப் போகாத நாட்களின் கூலியையும் ஈடு செய்வது குற்றமல்ல, சட்டத்திலேயே அதற்கு விலக்கு உண்டு. ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள்.

என் உடம்பு, நான் விற்கிறேன். அரசாங்கத்துக்கு என்ன?

வலுவான கேள்விதான். ஈரானில் அரசு மேற்பார்வையில் கிட்னிக்குப் பணம் தரும் முறை 1988 முதல் இருக்கிறது, அதை ஆதரிப்பவர்களும் உண்டு. நம் நிலைப்பாடு வேறு. கிட்னியை விற்கலாம் என்று ஆனவுடன் அது அடமானப் பொருளாகிவிடும். இன்று கடன்காரர் வீட்டு வாசலில் நின்று பசு இருக்கா, நகை இருக்கா என்று கேட்கிறார். விற்கக் கூடிய ஊரில் அடுத்த கேள்வி வேறாக இருக்கும். நீங்கள் விற்க மறுப்பதே அப்போது கடனை ஏய்ப்பதாக ஆகிவிடும். தடைச் சட்டம் விற்க விரும்புகிற ஒருவரின் சுதந்திரத்தைக் குறைக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறோம். அது விற்க விரும்பாத பத்துப் பேரைக் கந்துவட்டிக்காரரிடமிருந்து காப்பாற்றுகிறது.

அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். எங்களுக்குத் தர ஆள் இல்லை. வாங்காமல் என்ன செய்வது?

முதலில் ஒரு மாற்று அறுவை மருத்துவமனை வழியாக டிரான்ஸ்டான் பட்டியலில் பதிவு செய்யுங்கள். தேதிதான் முன்னுரிமை என்பதால் "அப்புறம் பார்க்கலாம்" என்பது நஷ்டம். 65 வயதுக்கு மேல் பதிவு கிடையாது என்று யாராவது சொன்னால், அந்த வரம்பை மத்திய அரசு 2023-லேயே நீக்கிவிட்டது. இரண்டாவது, முன்னே சொன்ன பரிமாற்றம். மூன்றாவது, வயிற்று வழி டயாலிசிஸ்: ஒரு நாளைக்கு வழக்கமாக நான்கு முறை, இரண்டு லிட்டர் திரவப் பையை வீட்டிலேயே மாற்றுவது. சுத்தமான அறையும் கை கழுவும் ஒழுங்கும் இருந்தால், ஊட்டிக்கோ குன்னூருக்கோ வாரம் மூன்று முறை அலைய வேண்டியதில்லை. கை சரியாகக் கழுவாவிட்டால் வயிற்றுக்குள் கிருமித் தொற்று வரும். திரவம் கலங்கலாக வெளியே வந்தால் அன்றே மருத்துவமனை.

வாங்கிய கிட்னியில் உங்களுக்கும் ஆபத்து உண்டு. பணத்துக்காக வருபவர் தன் நோயை மறைப்பார், புரோக்கர் பரிசோதனை அறிக்கையையே மாற்றுவார். மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் அந்த வழியில் வந்தது பதிவாகியிருக்கிறது.

ஏற்கெனவே விற்றாகிவிட்டது. இப்போது யாரிடம் போவது?

போலீசுக்கு முன் வக்கீல். 15100-ல் அழைத்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன், வங்கிக் குறுஞ்செய்தி, புரோக்கரின் அழைப்புப் பதிவு எதையும் அழிக்காதீர்கள். உடலைப் பொறுத்தவரை அரசு மருத்துவமனையில் உண்மையைச் சொல்லிக் கிட்னிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பயந்து மறைத்தால் வலி மாத்திரையில் போய் நிற்கும்.

வீட்டிலேயே இறந்தவரின் எதைத் தானம் தரலாம்?

கண். இதயம் நின்ற பிறகு 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். மலைக்கு கண் வங்கிக் குழு வந்து சேரவே நேரமாகும் என்பதால், இறந்த அரை மணிக்குள் போன் செய்யுங்கள். ஊட்டிக் குளிரை நம்பிக் காலம் தள்ள வேண்டாம். இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, தலையைத் தலையணையால் கொஞ்சம் உயர்த்தி, மின்விசிறி ஓடினால் நிறுத்திவிடுங்கள். எடுக்க 20 நிமிடம் போதும், முகம் மாறாது. கண்ணாடி போட்டவர், கண்புரை அறுவை செய்தவர், சர்க்கரை உள்ளவர் எல்லோரும் தரலாம். வெறிநாய்க்கடி, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமி, ரத்தப் புற்றுநோய் இருந்தால் கூடாது. இறப்பைச் சான்றளிக்க ஒரு டாக்டர் வேண்டும். ஹட்டியில் அவரைக் கண்டுபிடிப்பதில்தான் பாதி நேரம் போகும், எனவே யாரைக் கூப்பிடுவது என்று முன்பே முடிவு செய்துவையுங்கள்.

உடலையே மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க முடியுமா?

முடியும், அது உடற்கூறியல் துறையோடு தனியாகப் பேச வேண்டியது. கண் எடுத்த உடலை ஏற்பார்கள். உறுப்புகள் எடுத்த உடலையும், பிரேதப் பரிசோதனை செய்த உடலையும் பொதுவாக ஏற்பதில்லை.